ஏற்காட்டுத் தோட்ட வேலைக்கு எலும்புப் பிடி மடக்குக் கத்தி: எங்கே தேறும், எங்கே கெடும்

ஏற்காட்டில் மிளகுக் கொடி நறுக்கும் அதே கத்திதான், மறுநாள் சேலத்தில் மூட்டைத் தையல் பிரிக்கவும் பையிலிருந்து வெளியே வருகிறது. மேலே சுமார் 1,500 மீட்டர் உயரம், கீழே 300 மீட்டருக்கும் குறைவு. நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சித்திரையில் சேலம் 40 டிகிரியைத் தொடும்போது காய்ந்து சுருங்குகிற எலும்பு, ஐப்பசி மழையில் மலைமேல் ஈரம் குடித்து உப்புகிறது. எலும்புப் பிடி போட்ட மடக்குக் கத்தி இந்தப் பக்கத்தில் கெடுவதற்கு, செய்கிற வேலையைவிட இந்த ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வருவதே பெரிய காரணம். அடுத்த காரணம் சாணைச் சக்கரம். இரண்டிலிருந்தும் காப்பாற்றினால் அப்பா வைத்திருந்த கத்தியை மகன் எடுத்துப் புழங்கலாம்.

கொடுவாளும் அரிவாளும் வெட்டுக்கத்தியும் இருக்கிற வீட்டில் மூன்று அங்குல அலகுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வெட்டும் வேலை எதுவும் அதற்கு இல்லை. சீவுவது, கீறுவது, நறுக்குவது, உரிப்பது ஆகியவைதான் அதன் வேலை. சணல் கயிறு, உரச் சாக்கு, 16 மி.மீ. சொட்டுநீர்க் குழாய், வாழைநார், ஆரஞ்சுத் தோல் என்று ஒரு கை எதையாவது பிடித்திருக்க, மறு கை மட்டும் செய்கிற வேலைகள் அவை. அதற்கு மெல்லிய அலகு வேண்டும். அலகின் முதுகு 2 முதல் 2.5 மி.மீ. கனம் இருந்தால் போதும். 4 மி.மீ. கனத்தில் 'ஸ்ட்ராங்காக' இருக்கிறது என்று விற்கப்படும் கத்திகள் கயிற்றை அறுக்கும், ஆனால் இளங்கொடியை நசுக்கும்.

மடக்குக் கத்தியின் உடம்பு எளிமையானது. நடுவில் அலகு, அதன் முதுகுப் பக்கம் ஒரு எஃகு ஸ்பிரிங். இரண்டையும் இருபுறமும் அணைத்தபடி பித்தளைத் தகடு. அதன்மேல் எலும்புத் துண்டு, பித்தளை அல்லது வெள்ளைப் பித்தளை ஆணியால் அறையப்பட்டிருக்கும். முனைகளில் உலோகப் பூண். அலகு சுழலும் அச்சாணி இந்தப் பூணுக்குள்தான் இருக்கிறது. அலகைத் திறக்க நகம் மாட்டும் பள்ளம் ஒன்று.

பழைய பாணிக் கத்தியில் பூட்டு கிடையாது. திறந்த அலகை நிறுத்தி வைப்பது ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே. அதனால் முனையை வைத்துக் குத்தும் வேலை எதுவும் கூடாது. குத்தினால் அலகு பின்னால் மடங்கி விரல் மேல் விழும். டின் மூடி நெம்புவதும் ஆணி பிடுங்குவதும் அப்படித்தான். நெம்பினால் முதலில் அச்சாணி தளரும், பிறகு அலகு பக்கவாட்டில் ஆடும், கடைசியில் முனை ஒடியும். உடைந்த முனையோடு இருக்கும் பழைய கத்திகளைப் பார்த்தால், பெரும்பாலும் அவை பெயின்ட் டப்பா திறந்தவையாக இருக்கும்.

விவசாயத்துக்கென்றே உருவான ஒரு வடிவம் ஸ்டாக்மேன். அமெரிக்க மாட்டுப் பண்ணைகளில் பரவியது. மூடினால் 8 முதல் 10 செ.மீ. நீளம், மூன்று அலகு. முனை கூர்ந்த பெரிய அலகு பொது வேலைக்கு. வாய் நேர்க்கோடாகவும் முதுகு வளைந்து இறங்கியும் இருக்கும் இரண்டாவது அலகு, பலகைமேல் வைத்து நறுக்கவும் கயிறு அறுக்கவும். மூன்றாவது, முனை மழுங்கிய அகல அலகு. இது கால்நடைக்குக் காயடிக்க வைத்தது. இங்கே அந்த வேலையைக் கால்நடை மருத்துவர் பர்டிசோ இடுக்கியால் தோலைக் கிழிக்காமலே செய்துவிடுவதால், அந்த அலகு சும்மா கிடக்கும் என்று நினைக்க வேண்டாம். உள்ளிருக்கும் சரக்கில் முனை படாமல் சாக்கைப் பிரிப்பதற்கு அதைவிட நல்ல அலகு இல்லை.

மூன்று அலகு என்றால் மூன்று இடத்தில் அழுக்கு சேரும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். தினமும் மண்ணில் புழங்குகிறவருக்கு ஒற்றை அலகுக் கத்தியே சௌகரியம்.

இனி எஃகு. சேலத்துக்காரர்களுக்கு இது சொந்த விஷயம். கஞ்சமலை இரும்புத் தாதுவை உள்ளூர் உலைகளில் உருக்கிய காலம் ஒன்று இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830-களில் பரங்கிப்பேட்டையில் நடத்திய இரும்பாலைக்குச் சேலத்துத் தாது போயிற்று. அதே ஹீத் 1839-ல் இங்கிலாந்தில், உருக்கு வார்ப்பில் மாங்கனீசும் கார்பனும் சேர்ந்த பொருளைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு உருக்குக்காரர்கள் அந்த முறையைப் பிடித்துக்கொண்டார்கள், ஆனால் மாங்கனீசையும் கார்பனையும் தனித்தனியாகப் போட்டுக் காப்புரிமைப் பணம் கட்டாமல் தப்பித்தார்கள். வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. எலும்புப் பிடிக் கத்திகளுக்குப் பேர்போன ஷெஃபீல்டின் உருக்குக்கும் சேலத்து மண்ணுக்கும் இப்படி ஒரு பழைய கொடுக்கல் வாங்கல் உண்டு.

பழைய ஷெஃபீல்டு கத்திகளில் இங்கே அதிகம் புழங்கிய பெயர் ஜோசப் ராட்ஜர்ஸ். 1682-லிருந்து வரும் பெயர் அது. நட்சத்திரமும் மால்டீஸ் சிலுவையும் அதன் முத்திரை. முத்திரையைப் பார்த்து மட்டும் பணம் கொடுக்கக் கூடாது. அதைப் போலியாகக் குத்தியவர்கள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள்.

வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: கார்பன் எஃகா, துருப்பிடிக்காத எஃகா? நூற்றுக்கு 0.9 அளவில் கார்பன் உள்ள எஃகு, கல்லில் சில நிமிடத்தில் கூராகும், ஆனால் கவனிக்காவிட்டால் ஒரே இரவில் துருவேறும். துருப்பிடிக்காத கத்தி எஃகு ஈரத்தைப் பொறுக்கும், தீட்டக் கொஞ்சம் அதிக நேரம் கேட்கும். மழைக்காலம் முழுக்க மலையில் இருப்பவர் இரண்டாவதை எடுத்தால் அதில் தப்பில்லை.

ஆனால் 'துருப்பிடிக்காதது' என்று சொல்லிப் பாத்திரத் தகட்டில் செய்த அலகை வாங்கிவிடக் கூடாது. சேலம் உருக்காலையிலிருந்து வந்து நம் வீட்டுத் தட்டாகவும் டம்ளராகவும் மாறும் 304 ரக எவர்சில்வரைச் சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்க முடியாது. அதில் கூர் நிற்காது. ஒரு சின்னக் காந்தத்தை அலகில் வைத்துப் பாருங்கள். கத்திக்குரிய எஃகு என்றால் 'டக்'கென்று ஒட்டும். ஒட்டவில்லை என்றால் கத்தியைக் கடைக்காரரிடமே கொடுத்துவிடலாம்.

காந்தம் ஒட்டிய பிறகு பார்க்க வேண்டியவை. கத்தியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஸ்பிரிங்குக்கும் பித்தளைத் தகட்டுக்கும் இடையே வெளிச்சக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்த வழியாகத் தண்ணீரும் மண்ணும் போகும். அலகைப் பாதி திறந்து பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். திறக்கும்போதும் மூடும்போதும் கடைசிக் கட்டத்தில் ஸ்பிரிங் அலகைத் தானே இழுத்துக்கொள்ள வேண்டும். நகம் பெயர்கிற அளவு இறுக்கம் தரத்துக்கு அடையாளம் இல்லை. வேர்த்த கையால் அதைத் திறக்க முடியாது.

பழைய கத்தி என்றால், அலகின் அகலம் அடியில் ஒரு மாதிரியும் நடுவில் குறுகியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் வயிறு ஒட்டிய அலகு, சாணை பிடித்தே தேய்ந்து முடிந்தது.

பிடி உண்மையில் எலும்புதானா என்பதை ஓரங்களில் பார்த்தால் தெரியும். மாடு அல்லது எருமையின் கால் எலும்பைத் தகடாக அறுத்துச் செய்வது வழக்கம். எலும்புக்குள் ரத்தக் குழாய் ஓடிய வழிகள் ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளாகவும், முகப்பில் மெல்லிய கீற்றுகளாகவும் நிற்கும். பூதக்கண்ணாடி வைத்தால் தெளிவாகத் தெரியும். பிளாஸ்டிக்கில் அது இருக்காது, அல்லது ஒரே மாதிரி அச்சடித்திருக்கும். உத்தரப் பிரதேசத்தின் சம்பல் எலும்பு, கொம்பு வேலைக்குப் பெயர்பெற்ற ஊர். மான் கொம்புப் பிடி என்று யாராவது காட்டினால் விலகிவிடுவது நல்லது. புள்ளிமான், கடமான் கொம்பு வியாபாரம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், காட்டில் உதிர்ந்து கிடந்தது என்றாலும்.

எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கால்சியம் சார்ந்த தாது, மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். தாது இறுக்கம் கொடுக்கிறது, கொலாஜன் உடையாமல் காக்கிறது. ஈரத்தை வாங்கி விடுவதும் கொலாஜன் இருப்பதால்தான். எலும்பு உப்பிச் சுருங்கும்போது அதைப் பிடித்திருக்கும் ஆணியும் பித்தளைத் தகடும் அப்படியே நிற்கின்றன. ஆகவே விரிசல் பெரும்பாலும் ஆணி ஓட்டையிலிருந்துதான் கிளம்பும். வியர்வை இறங்கிப் பித்தளை ஆணியில் களிம்பு ஏறினாலும் அதே கதி; களிம்பு இடத்தை அடைத்து எலும்பைத் தள்ளும்.

ஒரு பழக்கத்தை இங்கே குறிப்பாகச் சொல்ல வேண்டும். பூண் பளபளக்கட்டும் என்று பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோலப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். புளி, எலுமிச்சை, வினிகர் மூன்றும் எலும்பிலுள்ள தாதுவைக் கரைக்கும். பூண் மின்னும், பக்கத்தில் எலும்பு வெளிறிச் சொரசொரப்பாகும். மழுங்கிய மஞ்சளாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். வெந்நீரில் போடுவது, ஊறவைப்பது, வெயிலில் நிற்கும் ஜீப்பின் டாஷ்போர்டில் விட்டுவைப்பது மூன்றும் அதே அளவு கெடுதல்.

பிடிக்கு எண்ணெய் தேவை, ஆனால் மிகக் குறைவாக. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, துணியில் இரண்டு சொட்டு மினரல் எண்ணெய் எடுத்துத் தடவி, கால் மணி நேரம் கழித்து நன்றாகத் துடைத்துவிட வேண்டும். அதன்மேல் தேன்மெழுகை லேசாகத் தேய்த்தால் மழைக்காலத்துக்கு ஒரு காப்பு.

அச்சாணிக்குப் போடும் எண்ணெய்தான் பலரும் தவறவிடும் இடம். தேங்காய் எண்ணெய் கைக்கு எட்டுகிறது என்று அதையே விடுவார்கள். அது சுமார் 24 டிகிரியில் உறையும். மார்கழியில் ஏற்காட்டுக் காலைக் குளிரில் அச்சாணிக்குள் மெழுகாகி அலகு திறக்காமல் முரண்டுபிடிக்கும். சேலத்துக்கு இறங்கினால் தானாகச் சரியாகும். நல்லெண்ணெய் வேறு வகைச் சிக்கல். நாளாக ஆகக் காற்றுபட்டுப் பிசினாகித் தூசியைச் சேர்த்துக்கொள்ளும். விளக்கெண்ணெய் ஆரம்பத்திலேயே கெட்டி. தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெய் ஒரு சொட்டு, அலகைப் பத்துத் தடவை திறந்து மூடினால் வேலை முடிந்தது. எண்ணெய் விடுமுன் அலகு படுக்கும் பள்ளத்தை ஒரு ஈர்க்குச்சியால் சுத்தம் செய்ய வேண்டும். டவுசர் பையில் சேரும் நூல்பஞ்சும் மண்ணும் அங்கேதான் அடைந்திருக்கும். அந்தப் பஞ்சு ஈரத்தைப் பிடித்துவைத்து, வெளியே தெரியாமல் ஸ்பிரிங்கைத் தின்னும்.

சாணைக்கு வருவோம். தெருவில் வரும் சக்கரத்தில் அரிவாள் பிடிப்பது சரி. மெல்லிய மடக்குக் கத்தியைக் கொடுப்பது சரியில்லை. கார்பன் எஃகு அலகைக் கடினமாக்கிய பின் 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் பதப்படுத்தியிருப்பார்கள். உலர்ந்த சக்கரத்தில் தீப்பொறி பறக்கும்போது, வாய் அந்தச் சூட்டைச் சில நொடியில் தாண்டிவிடும். வாயோரம் நீலம் பாய்ந்தால் 300 டிகிரியை எட்டிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் பதம் போய்விட்டது, எத்தனை முறை தீட்டினாலும் அரை நாளில் மழுங்கும். நீலம் பாய்ந்த பகுதி முழுவதையும் கல்லில் தேய்த்து நீக்கிவிட்டு, அடுத்த எஃகில் வாய் எடுப்பது ஒன்றே வழி. அலகின் ஆயுளில் பாதி அதிலேயே போகும்.

வீட்டில் தீட்ட, ஒருபக்கம் கரடும் மறுபக்கம் நைசுமான கார்பொரண்டம் கல் போதும். கல்லை ஈரத்துணிமேல் வைத்தால் நகராது. அலகை எவ்வளவு சாய்ப்பது என்பதில்தான் கை தடுமாறும். பக்கத்துக்கு சுமார் 15 டிகிரி வேண்டும். அலகின் அகலம் 12 மி.மீ. என்றால், வாய் கல்லில் பட்டிருக்கும்போது முதுகு கல்லிலிருந்து 3 மி.மீ. உயர்ந்திருக்க வேண்டும். இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தை அடுக்கினால் ஏறக்குறைய அந்த உயரம். அடுக்கிவைத்து ஒருமுறை கண்ணால் பார்த்துக்கொண்டு, நாணயத்தை எடுத்துவிட்டு அதே சாய்வில் தள்ள வேண்டும்.

ஒரு பக்கத்தை மட்டும் தொடர்ந்து தீட்டி, மறுபக்க வாயோரத்தில் பெருவிரலைக் குறுக்காக வருடினால் பிசிறு தட்டுப்பட வேண்டும். அடியிலிருந்து முனைவரை, விட்டுவிடாமல். பிசிறு வராத இடத்தில் வாய் இன்னும் சேரவில்லை. அது வந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் இரண்டு தள்ளு இந்தப் பக்கம், இரண்டு தள்ளு அந்தப் பக்கம் என்று அரை மணி நேரம் தேய்ப்பதால்தான் 'எவ்வளவு தீட்டினாலும் கூர் ஏறவில்லை' என்ற புலம்பல் வருகிறது. இரு பக்கமும் முடிந்ததும் நைசுக் கல்லில் அழுத்தாமல் மாற்றி மாற்றி ஐந்தாறு தள்ளு. கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில், முதுகு முன்னே போக, பின்னோக்கி இழுத்தால் மீதிப் பிசிறும் போய்விடும். செய்தித்தாளின் ஓரம் கிழியாமல் அறுபட்டால் தோட்டத்துக்குப் போதும்.

நன்றாகத் தீட்டியும் வாயில் ஒரே இடம் மட்டும் திரும்பத் திரும்ப மழுங்கினால், கல்மேல் குற்றமில்லை. மூடும்போது வாய் உள்ளே ஸ்பிரிங்கில் மோதுகிறது. அலகின் அடியில், வாய் தொடங்கும் இடத்துக்கு முன்னால், மோதலைத் தாங்குகிற ஒரு சின்ன மேடு இருக்கும். அது தேய்ந்திருந்தால், அலகை 'சட்'டென்று விட்டு மூடும்போதெல்லாம் வாய் அடிவாங்கும். கையால் பிடித்து மெதுவாக மூடுங்கள்.

பால், கறை, சொனை விஷயம் தோட்டக்காரருக்குத் தெரிந்ததுதான். மாங்காய்ச் சொனையும் ஆரஞ்சுச் சாறும் கார்பன் எஃகை உடனே கருக்கும். வாழைக்கறையும் பாக்கும் அப்படியே. கருமை கெடுதல் இல்லை, அது அலகுமேல் ஒரு மெல்லிய காப்பு. சிவப்புத் துரு வேறு. அது குழி பறிக்கும். கருமையைச் சுரண்டிச் சுரண்டி வெள்ளையாக்குகிறவர்கள் துருவுக்குத்தான் வழி விடுகிறார்கள். பலாப் பால் ஒட்டினால் அலகில் மண்ணெண்ணெய் தொட்ட துணி, பிடியில் தேங்காய் எண்ணெய். பிறகு இரண்டையும் துடைத்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் அலகைத் துடைக்காமல் மடக்கக் கூடாது. அந்த ஒரு பழக்கம் இருந்தால் மற்றதில் பாதி தேவையில்லை.

மிளகில் இந்தக் கத்தி நன்றாகத் தேறும். ஓடுகொடியை மாசி, பங்குனி வாக்கில் எடுத்து, இலையைக் காம்பு விட்டு நறுக்கிவிட்டு, இரண்டு மூன்று கணுவுள்ள துண்டாக, அடிக்கணுவுக்குச் சற்றுக் கீழே ஒரே இழுப்பில் அறுக்க வேண்டும். நசுங்கிய அடி பையில் அழுகும். காபிச் செடியில் இளஞ்சிம்பு சீவலாம். விரல் கனம் வந்துவிட்டால் கவாத்துக் கத்தரிக்குப் போக வேண்டும். மடக்குக் கத்தியை முதுகில் தட்டித் தட்டி இறக்கினால் அச்சாணி தளர்ந்துவிடும்.

ஒட்டுக்கட்டுவதற்கு இது இரண்டாம் தரம்தான். மா ஒட்டில் குச்சியின் அடியை 3 முதல் 4 செ.மீ. நீளத்துக்கு ஆப்பு வடிவில், இரு முகமும் தட்டையாகச் சீவ வேண்டும். ஒட்டுக்கத்தியின் வாய் ஒருபக்கம் மட்டும் சரிந்திருக்கும், மறுபக்கம் தட்டை. அதனால் வெட்டு நேராக ஓடும். இருபுறமும் சரிந்த மடக்குக் கத்தி, பாதியில் உள்ளே கவ்வியோ வெளியே விலகியோ முகத்தைக் குழிவாக்கிவிடும். குழி இருந்தால் பட்டை பட்டையைத் தொடாது, ஒட்டு காயும். நேர்வாய் அலகால் நாலைந்து ஒட்டு சமாளிக்கலாம். நாற்றங்கால் அளவில் செய்கிறவர் ஒட்டுக்கத்தியை வாங்கிவிடுவதே சரி.

ஆரஞ்சு, எலுமிச்சை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. சிட்ரஸ் மரங்களைத் தாக்கும் எக்ஸோகார்ட்டிஸ் வைராய்டு (வைரஸைவிடச் சிறிய நோய்க்கிருமி) கத்தி வழியாக மரத்துக்கு மரம் போகும். ஸ்பிரிட்டில் துடைத்தாலோ தீயில் காட்டினாலோ அது நிச்சயமாகச் சாகும் என்று சொல்ல முடியாது. நீர்த்த பிளீச்சிங் கரைசல்தான் கேட்கும். அதுவோ கார்பன் எஃகை அரிக்கும், எலும்பின் கொலாஜனையும் தின்னும். முழுக் கத்தியையும் முக்காமல், துணியால் அலகை மட்டும் நனைத்து, தண்ணீரில் துடைத்து, உலர்த்தி, எண்ணெய் தடவ வேண்டும். இதெல்லாம் தொல்லை என்றால், அந்த மரங்களுக்கு மட்டும் பிளாஸ்டிக் பிடிபோட்ட ஒரு மலிவுக் கத்தியை ஒதுக்கிவிடலாம். எலும்புப் பிடியை அங்கே கொண்டுபோகவே வேண்டியதில்லை.

விரிசல் தலைமுடி அளவில் இருக்கும்போதே கவனித்தால் காப்பாற்றலாம். எண்ணெய்ப் பசை போக ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரு நாள் நிழலில் உலரவிட்டு, தண்ணீர்போல ஓடும் ஃபெவிக்விக் வகைப் பசையை ஒரு சொட்டு விரிசல்மேல் வைத்தால் அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். பசை அச்சாணிப் பக்கம் ஓடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆடும் அலகை இறுக்க, பூணை இரும்புக் கட்டைமேல் வைத்து, அச்சாணித் தலைமேல் சின்னச் சுத்தியால் லேசாகத் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் அலகைத் திறந்து பார்க்க வேண்டும். அடி ஒன்று கூடினால் அலகு இறுகிக்கொள்ளும், ஒன்று விலகினால் எலும்பு தெறிக்கும். கை பழகாதவர்கள் பட்டறையில் கொடுப்பதே மேல். பருவம் முடிந்து எடுத்து வைக்கும்போது தோல் உறையில் போடாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பித்தளையில் களிம்பு ஏற்றும். எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் சுற்றிக் காற்றோட்டமான அலமாரியில் வைத்தால் போதும்.

சட்டத்தைப் பற்றியும் கேட்பார்கள். ஆயுத விதிகள் பேசுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைப் பற்றி. வீட்டு, விவசாயப் பயனுக்கென்று செய்தவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. மூன்றங்குல மடக்குக் கத்தி அந்தக் கணக்கில் வராது. கமலாபுரத்திலுள்ள சேலம் விமான நிலையத்தில் விமானம் ஏறுவதாக இருந்தால் மட்டும், கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். சோதனையில் கைப்பையிலிருந்து எடுக்கப்பட்ட கத்தி திரும்பி வருவது அரிது.